யுகம் முடியும் இரவில் கட்டியக்காரன்

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மறுபக்கம், மலையின் மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் இந்த ஊரைக் கடக்கிறார்கள். இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிச்ச தூரத்தை நினைத்தபடி நகர்ந்துவிடுபவர்களே அதிகம். இங்குள்ள லிங்கத்தைப் பிரதிட்டை செய்தவன் பிரம்மன் என்பது தல ஐதீகம். பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டானே, அதே பிரம்மன்தான்.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அது எந்த வேளையில் நடக்கிறது என்பதை மட்டும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. லிங்க புராணம் சொல்லும் வடிவத்தில், அது உலகம் அழிந்து எங்கும் ஒரே நீராகக் கிடக்கும் பிரளய வேளை. ஊரில்லை, உயிரில்லை, கால் வைக்க மண்ணில்லை. நீரின்மேல் பள்ளிகொண்டிருக்கும் திருமால், வந்து நின்ற பிரம்மனைக் ‘குழந்தாய்’ என்று அழைத்துவிடுகிறார். பிரம்மனுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. யார் பெரியவர் என்ற வழக்கு தொடங்குகிறது. தீர்ப்புச் சொல்ல யாருமே மிஞ்சாத வெளியில் இரண்டு பேர் அந்தஸ்துக்காக மல்லுக்கட்டுகிறார்கள். நடுவே நெருப்புத் தூண் எழுகிறது. ஒருவர் பன்றியாகி அடியைத் தேடித் தோண்டுகிறார், மற்றவர் அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். தாழம்பூ வரும் பிற வடிவங்களில், முடியைக் காணாத பிரம்மன், மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைக்கிறான். குட்டு வெளிப்படுகிறது. பிரம்மனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குப் பூசையில் இடமில்லை என்று தீர்ப்பாகிறது.

பிரளயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வரும் கதை இது. புராணம் சொல்பவர்கள் தாழம்பூவிடம் பிரம்மன் பேரம் பேசும் இடத்தை நீட்டி முழக்குவார்கள், கூட்டமும் சிரிக்கும். அந்தச் சிரிப்பால் மலையின் மகிமை அணுவளவும் குறைவதில்லை. கிருத யுகத்தில் நெருப்பாக நின்ற மலை, யுகந்தோறும் வேறு உருக்கொண்டு, கலியில் கல்லாக நிற்கிறது என்றும், பிரளயமும் இதை அசைக்காது என்றும் தல புராணம் சொல்கிறது. தமிழ்நாட்டுத் தலங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு பிரளயக் கதை உண்டு. வெள்ளத்தில் தோணியாக மிதந்தது சீர்காழி. பிரளய நீரில் மிதந்து வந்த குடம் தங்கிய இடம் கும்பகோணம். தமிழ்த் தல புராணங்களை ஆராய்ந்து டேவிட் ஷுல்மன் 1980இல் வெளியிட்ட நூல், ஊழி வெள்ளத்தைத் தாண்டி நிற்கும் இடம் என்ற இந்த எண்ணத்துக்கு முக்கிய இடம் தருகிறது. உலகமே முடிந்தாலும் ‘நம்மூர்’ முடியாது என்ற பிடிவாதம் இந்தக் கதைகளுக்குள் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தைக் குறித்து வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை அதைத்தான் தொடர்ந்து போகப்போகிறது.

உலக முடிவைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் மிகுபுனைவு நாவல்களுக்கு ஆங்கிலத்தில் கடந்த அறுபது ஆண்டுகளில் பெரிய வாசகர் கூட்டம் சேர்ந்திருக்கிறது. கர்ட் வானகட் 1963இல் எழுதிய ‘கேட்ஸ் கிரேடில்’ நாவலில், தொட்ட நீரையெல்லாம் உறைய வைக்கும் ஒரு பொருள் உலகத்தை முடிக்கிறது. டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ 1978இல் பிபிசி வானொலி நாடகமாகத் தொடங்கி அடுத்த ஆண்டு நாவலானது. விண்வெளி நெடுஞ்சாலைக்கு இடைஞ்சல் என்று அதில் பூமி இடித்துத் தள்ளப்படுகிறது. அதே நாள் காலையில், புறவழிச் சாலைக்காக நாயகனின் வீட்டை இடிக்க உள்ளூர் நிர்வாகத்தின் புல்டோசர் வந்து நிற்கிறது. டெர்ரி பிராச்செட்டும் நீல் கெய்மனும் சேர்ந்து எழுதிய ‘குட் ஓமென்ஸ்’ 1990இல் வந்தது. விவிலியம் சொல்லும் இறுதிப் போர் நெருங்கும்போது, பல ஆயிரம் ஆண்டுகளாகப் பூமியில் வேலை பார்த்துப் பழகிவிட்ட ஒரு தேவதூதனும் ஒரு பிசாசும், இந்த உலகம் முடிந்துவிடக் கூடாது என்று கூட்டுச் சேர்கிறார்கள். உலகத்தை அழிக்கப் பிறந்த பிள்ளையோ ஆஸ்பத்திரியில் நடந்த குளறுபடியால் இடம் மாறி, ஒரு சிற்றூரில் நாய்க்குட்டியோடும் கூட்டாளிகளோடும் வளர்கிறான்.

இந்த நாவல்களின் ஈர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், பயத்தைச் சிரிப்பு தணிக்கிறது என்பது. அணுகுண்டுக் காலத்தில் பிறந்த எழுத்து என்பதால் அந்த விளக்கம் பொருத்தமாகவும் தோன்றும். எனக்கு அது போதவில்லை. பயம் தணிய வேண்டுமென்றால் உலக முடிவைப் பேசாமலே இருக்கலாம். படிப்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள், ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். வேறு ஏதோ ஒன்று அங்கே கிடைக்கிறது. அது என்னவென்று பார்க்க அண்ணாமலையைச் சுற்றியுள்ள பழைய வடார்க்காடு, தென்னார்க்காட்டு ஊர்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. யுக முடிவை ஆண்டுதோறும் ஊர் நடுவே நிகழ்த்தி, அதற்குள் ஒரு கோமாளியையும் நிறுத்தி வைத்திருக்கும் நிலம் இது.

பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் இந்த வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். இரவில் தெருக்கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்து சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நாட்கள் நகரும். ஆல்ஃப் ஹில்ட்பெய்டல் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த விழாக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். திரௌபதி வழிபாடு பற்றிய அவருடைய நூலின் முதல் தொகுதி 1988இலும் இரண்டாவது 1991இலும் வெளிவந்தன. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் தெருக்கூத்து பற்றித் தனி நூல் எழுதினார். கூத்தைக் கட்டைக்கூத்து என்று அழைக்கும் மரபிலிருந்து ஆராய்ந்தவர் ஹன்னே டி புருய்ன். செய்யாறு பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையால் உலகம் அறிந்த கூத்து ஊர்.

பாரதப் போர் மண்ணுக்கான பங்காளிச் சண்டை என்பது கதையின் மேல்தோல். மரபு அதைத் துவாபர யுகத்தின் முடிவாகப் பார்க்கிறது. கண்ணன் உலகை விட்டு நீங்கியதும் கலி பிறந்தது, நாம் வாழ்வது அதற்குப் பிந்திய காலத்தில் என்பது நம்பிக்கை. ஆகவே பதினெட்டாம் போர் ஆடப்படும் இரவு, ஒரு யுகம் செத்துக்கொண்டிருக்கும் இரவு. அந்த இரவில் மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தம்பிமாரையெல்லாம் பறிகொடுத்த துரியோதனன் இருக்கிறான். அவனைத் தேடி வரும் பீமன் இருக்கிறான். இவர்களோடு, எந்தப் பாரதத்திலும் இல்லாத ஒருவன் இருக்கிறான். அவன்தான் கட்டியக்காரன்.

கூத்தில் முதலில் சபைக்கு வருபவன் அவன். எந்த ராஜா வேஷமும் நேரடியாக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, பாட்டும் தாளமும் முகவீணையும் முழங்க, தன் பெருமையைச் சொல்லிக்கொண்டுதான் வரும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, வருவது யார், எந்த ஊர், என்ன விஷயம் என்று கேட்பவன் கட்டியக்காரன். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் பூட்டிய வேஷக்காரர்கள் ராகம் இழுத்துப் பேசும்போது, அவன் உள்ளூர்க்காரன் பேச்சில் பதில் சொல்கிறான். ராஜா வசனத்தை ஊர்ச் சொல்லில் திருப்பிச் சொல்கிறான், வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்கிறான், அரிசி விலையையும் பேருந்து வராததையும் அத்தினாபுரத்துச் சபைக்குள் கொண்டுவருகிறான். தூதன், காவலாளி, தேரோட்டி, வேலைக்காரன் என்று சின்ன வேஷமெல்லாம் அவனுக்குத்தான். துரியோதனன் சபையில் இருக்கும் அதே ஆள் அடுத்த காட்சியில் பாண்டவர் பக்கம் நின்று பேசுவான். அவன் யாருடைய ஆள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அவன் நம்ம ஆள்.

சூது துகில் இரவை எடுத்துக்கொள்வோம். கூத்திலேயே மிகவும் கனமான இரவு அதுதான். திரௌபதி வேஷத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள், அவளை அம்மனாகவே கும்பிடுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் அம்மனிடம் மன்னிப்பு வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட இரவிலும் கட்டியக்காரன் இருக்கிறான், பேசுகிறான், கூட்டம் சிரிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது முரணாகத் தெரியலாம். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. அவன் சிரிப்புக்குள் திரௌபதி வருவதே இல்லை. சபையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களும் அவர்களுடைய நீதியும் வீரமும்தான் அவன் வாயில் விழுகின்றன. பீஷ்மரும் துரோணரும் கேட்காத கேள்வியை வேலைக்காரன் கேட்கிறான். அவனுக்குப் பதவி இல்லை என்பதால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

‘குட் ஓமென்ஸ்’ வாசகர்கள் எதற்காகத் திரும்பத் திரும்ப அந்த நாவலுக்குப் போகிறார்களோ, அது இங்கே வெளிப்படையாக நடக்கிறது என்று நினைக்கிறேன். மேலுலகமும் கீழுலகமும் இறுதிப் போருக்கு நாள் குறிக்கும்போது, எந்தப் பக்கமும் சேராமல் இந்த இடத்தின் பக்கம், இங்குள்ள சாப்பாடு, பழைய புத்தகக் கடை, பூங்காவின் வாத்துக்குளம் இவற்றின் பக்கம் நிற்கும் இருவர் அதில் இருக்கிறார்கள். உலகத்தை முடிக்க வேண்டிய பையனும் தன் ஊரை நேசிப்பதால்தான் அதைச் செய்ய மறுக்கிறான். ஆடம்ஸ் நாவலில் பூமி போன பிறகும் நாயகன் ஒரு கோப்பைத் தேநீருக்கு அலைகிறான். பெரிய பெரிய சக்திகள் மோதும் கதையில், பேரழிவின் காரணத்தில் ஒரு பங்கும் இல்லாமல் அதன் விளைவில் முழுப் பங்கும் உள்ள ஆளுக்கு நின்று பேச ஓர் இடம் கிடைக்கிறது. தீவிரமான ஊழிக் கதைகள் தீர்க்கதரிசிக்கும் வீரனுக்கும் இடம் தருகின்றன. நகைச்சுவை வந்தால்தான் கட்டியக்காரன் உள்ளே வர முடிகிறது. வாசகர்கள் தேடிப் போவது அவனைத்தான்.

எல்லாச் சிரிப்பும் அப்படிப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. தமிழில் பேரழிவைச் சிரிப்பாக்கிய மிகப் பெரிய படைப்பு, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரின் கதை அது. பாட்டில் பெரும்பகுதியோ போர்க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை, பசித்த பேய்களுக்குக் கிடைத்தது. போரில்லாமல் பிணமில்லை, பிணமில்லாமல் கூழில்லை என்று காளியிடம் அவை முறையிடுகின்றன. இமயத்தில் மந்திரம் பயின்று திரும்பிய ஒரு கிழப்பேய் இந்திரசால வித்தை காட்டுகிறது. வெறும் மாயையான போர்க்களத்தைக் கண்டு மற்றப் பேய்கள் பாய்ந்து விழுந்து, ஒன்றும் வாயில் அகப்படாமல் தவிக்கின்றன. போர் முடிந்ததும் கூழ் அடும் பகுதி வருகிறது. பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழித்துக் குளித்துத் தயாராகின்றன. அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சி, பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு, புத்தப் பேய் உண்டு, குருட்டுப் பேயும் சூல்கொண்ட பேயும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வழக்கப்படி ஊற்ற வேண்டும். விருந்து முடிய, எல்லாம் சேர்ந்து குலோத்துங்கனை வாழ்த்துகின்றன.

கற்பனையின் வீச்சிலும் சந்தத்தின் வேகத்திலும் இதற்கு ஈடு குறைவு. உலகம் கவிழ்ந்த பிறகும் அடுப்பும் பந்தியும் பசியும் சாதியும் அப்படியே தொடரும் என்ற கண்டுபிடிப்பு எந்த நவீன நாவலுக்கும் பெருமை சேர்க்கும். இருந்தாலும் படித்து முடிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தக் கூழில் வெந்தவர்கள் கலிங்கத்து ஆட்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டில் வாய் இல்லை. சிரிப்பு வென்றவனுடைய முற்றத்தில் எழுகிறது, கடைசியில் வென்றவனை வாழ்த்தி முடிகிறது. ஊர்க் கூத்தின் கட்டியக்காரனை அரசவைப் பரணியைவிட முதிர்ந்த கலைப் படைப்பாக நான் மதிப்பது இதனால்தான். அவன் தோற்றவன் வீட்டிலும் வேலை பார்த்தவன். ஷுல்மன் 1985இல் அரசனையும் கோமாளியையும் சேர்த்து ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தென்னிந்தியக் கற்பனையில் இந்த இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாதவர்கள் என்பதை அந்தத் தலைப்பே சொல்லும். பரணியில் கோமாளி அரசனிடம் சரணடைந்துவிடுகிறான். கூத்தில் அது நடப்பதில்லை.

பதினெட்டாம் போர் விடியும்போது கூத்து மேடையைவிட்டு வெளியே வருகிறது. ஊர்ப் பொதுவெளியில் மண்ணால் செய்து வைத்திருக்கும் துரியோதனன் உருவம், படுத்த நிலையில், ஒரு வீட்டைவிட நீளமாகக் கிடக்கும். வேஷம் கலைக்காத கூத்தாடிகள் அதைச் சுற்றி ஓடி, மேலேறி, போரை முடிக்கிறார்கள். பீமன் தொடையைப் பிளக்கிறான், அங்கே வைத்திருந்த சிவப்பு நீர் வழிகிறது, திரௌபதி கூந்தலை முடிகிறாள். இதுதான் படுகளம். சில ஊர்களில் காந்தாரியோ துரியோதனன் மனைவி பெருந்திருவாளோ முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைக்கும் காட்சி உண்டு. அழுகையும் கேலியும் பிரித்தெடுக்க முடியாமல் கலந்திருக்கும். கூட்டத்தில் இருப்பவர்கள் அந்தத் துடைப்பத்தால் அடி வாங்க முண்டியடிப்பதும் உண்டு, பீடை கழியும் என்று. எல்லாம் முடிந்ததும் பெண்கள் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போகிறார்கள். வீட்டில் வைத்தால் விளைச்சலும் செல்வமும் பெருகும் என்பது நம்பிக்கை. மாலையில் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகம்.

ஒரு யுகத்தின் பிணத்திலிருந்து எடுத்த மண் நெல் குதிருக்குள் போகிறது. மேற்கத்திய நாவல்களுக்கும் நம் மரபுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரிகிறது. விவிலிய மரபில் முடிவு ஒரே ஒரு முறை, இனிமேல்தான் வரப்போகிறது. ஆகவே அங்கே எழுதுபவர், முடிவைத் தடுத்தாக வேண்டும் அல்லது அதிலிருந்து ஒருவரைத் தப்பவைக்க வேண்டும். ஃபிராங்க் கெர்மோட் 1967இல் ‘தி சென்ஸ் ஆஃப் அன் எண்டிங்’ என்ற நூலில், காலத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்கள் தங்கள் வாழ்வுக்கு ஒரு வடிவம் வேண்டி முடிவைக் கற்பித்துக்கொள்கிறார்கள் என்றும், குறித்த நாள் பொய்த்தாலும் அந்த எதிர்பார்ப்பு சாவதில்லை என்றும் விளக்கினார். நமக்கோ முடிவு ஏற்கனவே நடந்துவிட்டது. கலி பிறந்தது கி.மு. 3102 என்று பஞ்சாங்கம் கணக்கே வைத்திருக்கிறது. பாரதம் பார்க்க உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு யுக முடிவுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுடைய சிரிப்பு பிழைத்துக் கிடந்தவர்களின் சிரிப்பு.

கலி பிறந்த இரவைப் பற்றிப் பிரசங்கங்களில் சொல்லும் ஒரு கதை இதற்கு நல்ல சான்று. நிலம் வாங்கியவன் உழும்போது புதையல் கிடைக்கிறது. நிலத்தைத்தான் வாங்கினேன், புதையல் உன்னுடையது என்று விற்றவனிடம் கொண்டுபோகிறான். விற்ற நிலத்தில் இருப்பதெல்லாம் உனக்கே என்று அவன் மறுக்கிறான். வழக்கு தருமரிடம் போகிறது. நாளை வாருங்கள் என்கிறார் தருமர். அன்றிரவு கலி பிறந்துவிடுகிறது. மறுநாள் இருவரும் வந்து, புதையல் எனக்குத்தான் என்று அடித்துக்கொள்கிறார்கள். வானம் இடியவில்லை, கடல் பொங்கவில்லை. ஒரு யுகம் மாறியது ஒரு நில வழக்கில் தெரிகிறது. தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்த எந்தத் தமிழருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆடம்ஸ் பூமியின் அழிவை ஒரு சாலைத் திட்டக் கோப்புக்குள் வைத்ததற்கும் இதற்கும் ஒரே கண்.

அடி அண்ணாமலைக்கே உரிய இன்னொரு சான்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இந்த ஊரில் பாடினார் என்பது மரபு. அவருக்கு இங்கே தனிக் கோயிலும் இருக்கிறது. மார்கழி விடியலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பும் பாட்டு அது. எழுப்பும்போது சும்மா எழுப்புவதில்லை. தூங்குமூஞ்சிகளைக் கேலி செய்கிறார்கள், நேற்று அடித்துப் பேசிய பேச்செல்லாம் எங்கே என்று சீண்டுகிறார்கள், உள்ளே இருப்பவள் பதிலுக்கு வாயாடுகிறாள். இந்தப் பதிகத்துக்குச் ‘சத்தியை வியந்தது’ என்று பழைய குறிப்பு உண்டு. சைவ உரை மரபு இதற்கு ஒரு தத்துவ விளக்கமும் தந்திருக்கிறது. மகாசங்காரம் முடிந்து எல்லாம் ஒடுங்கிக் கிடந்த இருளுக்குப் பின், மீண்டும் படைப்பு தொடங்கும் வேளையில் சத்திகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்புவதே இந்தப் பெண்களின் விளையாட்டு என்பது அந்த விளக்கம். அதன்படி ஊழிக்குப் பின் உலகத்தில் எழும் முதல் குரல் ஒரு தோழியின் கேலி. எந்த நாட்டு ஊழிக் கதையிலும் இதைவிடத் துணிச்சலான எண்ணத்தை நான் கண்டதில்லை. மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைத்த தொல்காப்பியம், எள்ளலோடு இளமையையும் நகை பிறக்கும் இடமாகச் சொல்கிறது. திருவெம்பாவைக்குள் அந்த இரண்டும் ஒன்றாக நிற்கின்றன.

இவ்வளவு வளமுள்ள மொழியில் உலக முடிவைச் சிரிப்போடு சொல்லும் நாவல் ஏன் அரிதாக இருக்கிறது? புதுமைப்பித்தன் 1943இல் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதியபோது வழி திறந்திருந்தது. சென்னைக்கு வந்த கடவுளை ஒரு சித்த வைத்தியப் பத்திரிகைக்காரர் காபிக் கடைக்கு அழைத்துப்போகிறார், தன் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கிறார். கடவுளால் வரம் கொடுக்க முடிகிறது, இந்த நகரத்தில் பிழைக்க முடியவில்லை. பிள்ளைவாளின் பக்கத்தில் நின்று பார்த்தால் கட்டியக்காரன் சாயல் தெரியும். அது சிறுகதை, ஊழியும் அதில் இல்லை. ஊழியை முழுதாக எழுதிய நாவல் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997). யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் கருங்கல் விஷ்ணுவும், மூன்றாம் பகுதியில் நகரத்தையே கொண்டுபோகும் பிரளயமும் தமிழ் மிகுபுனைவின் உச்சங்களில் சேர்ந்தவை. பண்டிதர்களையும் சபைகளையும் கேலி செய்யும் கூர்மை அதன் முதற்பகுதியில் நிறைய இருக்கிறது. பிரளயம் நெருங்கும்போது அந்தச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. நாவலின் நோக்கம் வேறு என்பதால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வெள்ளத்தில் ஒரு கட்டியக்காரன் மிதந்திருந்தால் என்ன பேசியிருப்பான் என்று ஒவ்வொரு வாசிப்பிலும் தோன்றுகிறது.

நாவலாசிரியர்கள் தயங்கியதை ஜனங்கள் தயங்கவில்லை. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடியபோது உலகம் முடியப்போகிறது என்று நாடெங்கும் யாகங்கள் நடந்தன. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்கலம் தலையில் விழப்போகிறது என்று இந்தியக் கிராமங்கள் நடுங்கின. அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்து தீர்ந்தது. சாகப்போகிறோம் என்று வளர்த்த கோழியையும் ஆட்டையும் அடித்துத் தின்ற கதைகள் தெலங்கானா ஊர்களில் பிறந்து இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகின்றன. 2021இல் வந்த ‘ஸ்கைலேப்’ என்ற தெலுங்குப் படம் அந்தப் பீதியை ஒரு கிராமத்து நகைச்சுவையாகவே எடுத்தது. 2020 ஊரடங்கில் நம் கைப்பேசிகளில் நிறைந்திருந்தது வடிவேலுவின் முகம். நாடே முடங்கிய நாட்களில் தமிழர்கள் தங்கள் கட்டியக்காரனைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சிரிப்பு வாய்மூட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பிரளயத்திலும் அசையாதது என்று புராணம் சொன்ன மலையின் மண் அது. அந்த வீட்டின் முன் நின்று சொல்ல எந்தக் கோமாளியிடமும் வார்த்தை இல்லை. இருக்கவும் கூடாது. ஈழத்தின் கடைசிப் போரை எழுதிய தமிழ்க்கவி தன் நாவலுக்கு ‘ஊழிக்காலம்’ என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பில் சிரிப்பு எதுவும் இல்லை, அதை எதிர்பார்ப்பதும் அநியாயம். கூத்தும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. அரவான் பலியாகும் கணத்திலும் திரௌபதி கூந்தல் முடியும் கணத்திலும் கட்டியக்காரன் ஒதுங்கிக்கொள்கிறான். எப்போது பேச வேண்டும் என்பதைவிட எப்போது ஒதுங்க வேண்டும் என்பதைக் கற்கத்தான் அந்த வேஷத்துக்கு நீண்ட காலப் பயிற்சி தேவைப்படுகிறது. கூத்துக் குழுக்களில் அனுபவம் முதிர்ந்தவர்களுக்கே அந்த வேஷம் கை வருவதற்குக் காரணம் அதுவே.

ஆய்வாளர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் அச்சிட்ட கூத்துப் புத்தகங்களில் ராஜாக்களின் பாட்டும் விருத்தமும் வசனமும் கிடைக்கும். கட்டியக்காரனுக்கு அவற்றில் சில வரிகளே இருக்கும். அவன் பேச்சு அந்த இரவுக்கு, அந்த ஊருக்கு, அப்போதைய விலைவாசிக்கு ஏற்பப் பிறந்து அங்கேயே கரைவது. இரவு முழுக்கக் கூட்டத்தை விழித்திருக்க வைத்த பேச்சில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவே இல்லை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்களிலும் படங்களிலும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. இன்று கைப்பேசியில் பிடித்து யூடியூபில் ஏற்றப்படும் கூத்துகளில் நிறையவே இருக்கிறது. அவற்றில் பல முழு இரவையும் வெட்டாமல் வைத்திருக்கின்றன. அந்தப் பேச்சை ஊர் ஊராக, இரவு இரவாக எழுத்தில் இறக்க ஒரு பல்கலைக்கழகத் துறை உட்கார்ந்தால், பதினெட்டாம் போர் ஒன்றுக்கே பல தொகுதிகள் தேறும். தமிழில் யுக முடிவை நகைச்சுவை நாவலாக எழுத நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் அதுதான். அது இன்னும் அச்சாகவில்லை.